இத்தாலிச் சாமி அடித்த பெனால்டி

கற்பூரத் தைலத்தின் நெடி மூக்கில் ஏறினால் இத்தாலிச் சாமி வந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். தொண்ணூறுகளின் நடுவில், சாத்தான்குளத்துக்குக் கிழக்கேயிருந்த எங்கள் கடற்கரை ஊருக்குப் பங்குச்சாமியாராக வந்தவர், முழங்கால் இரண்டிலும் அதைத் தேய்த்துக்கொண்டு, சாயங்காலமானால் எங்களை மணலில் ஓடவிட்டு வதைப்பார். இளவயதில் தன் ஊர்க் கால்பந்து அணிக்கு, முன்னால் நின்று கோல் அடிக்கும் "பார்வர்டு" ஆடியவராம். குருமடத்துக்குப் போனதால் ஆட்டம் பாதியில் நின்றுவிட்டதாம். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. எங்கள் அணிக்கு மானேஜரும் அவரே. நான் என்ன கோல் அடித்தாலும், "நானா இருந்தா இடது மூலையில போட்டிருப்பேம்லே" என்று எங்கள் ஊர்த் தமிழிலேயே மட்டம் தட்டுவார்.

சாத்தான்குளம் பொட்டலில் ஆற்றுக்கரை ஊர்ப் பையன்களோடு இறுதி ஆட்டம். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் விளையாட்டு ஆசிரியர், ஒரே ஒரு பார்வர்டுக்கு விடுதியோடு இடம் தருவதாகச் சொல்லிப் பார்க்க வந்திருந்தார். கிடைத்தால் எனக்குப் படிப்பு; இல்லாவிட்டால் அப்பாவின் மீன்பிடி வள்ளம்.

எங்கள் பக்கத்தில் வேறொருவன் அடித்த கோலோடு ஒன்றுக்கு ஒன்று என்றிருந்தபோது, முடியப்போகும் நேரத்தில் என்னை இடறிவிட்டார்கள். பெனால்டி. பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தால், எல்லைக்கோட்டில் சாமி அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே நீலச் சட்டையும் அரைக்கால் சட்டையும்! காலையில் பூசை முடித்துக் கிளம்பும்போதே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், பாவி மனிதர். அந்தப் பந்தயங்களில் வயதைக் கேட்பாரில்லை. அந்த ஊர் ஆள் என்றால் போதும்.

"ஏலே, நீ பைய வெளிய வா. நான் அடிக்கேன்."

"சாமி, அவன் அடிக்கட்டும் சாமி!" என்று அப்பா கத்தினார். யார் கேட்டார்கள்?

அடித்தார். கோல். ஊரே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. "நம்ம ஊரு ஜெயிச்சிட்டுல்லாலே!" என்று மேலிருந்தபடியே என் தலையைத் தட்டினார். எனக்கு அந்தக் கையைக் கடிக்க வேண்டும்போல் இருந்தது. கல்லூரி ஆசிரியர் அப்பாவிடம், "உங்க பையன் கோல் அடிச்சத நான் பாக்கலியே அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, ஆற்றுக்கரைப் பையன் ஒருவனைக் கூட்டிப்போனார். திங்கட்கிழமை நான் வள்ளத்தில் ஏறினேன்.

அந்தப் பொட்டல் இப்போது வீட்டு மனைகளாகிவிட்டது. ஊர்ப் பந்தயங்களும் நின்றுபோயின. சாமி தன் நாட்டுக்குத் திரும்பி அங்கேயே இறந்துபோனார். செத்தவரைக் குறை சொல்லாதீர்கள் என்கிறாள் மனைவி. நான் அடித்திருந்தால் பந்து உள்ளே போயிருக்குமா, கம்பத்துக்கு மேலே பறந்திருக்குமா, எனக்கு இன்றுவரை தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள விடாத அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை.