சிடி மூன்று, அலமாரி இரண்டாம் தட்டு

அந்த ஒன்பது நாட்களும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. தம்பானூருக்கு எந்தப் பேருந்தில் போனேன், எத்தனை பிளாப்பி கொண்டுபோனேன், அவற்றில் எது கெட்டிருந்தது என்பதுவரை எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அதை இப்போது எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. ஆரியசாலையில் மொத்த வியாபாரிகளின் சங்கம் ஒன்றில் நான் அலுவலகப் பொறுப்பாளராக இருந்தேன். மிளகாய் மண்டி ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள். நான், ஒரு தட்டச்சர், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். தட்டச்சர் பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் வரும் பெண். தமிழையும் மலையாளத்தையும் ஒரே வேகத்தில் அடிப்பார். மூன்று வருடமாகத் தற்காலிகம். அந்த ஆண்டுப் பொதுக்குழுவில் வேலையை நிரந்தரமாக்குவதாகத் தலைவர் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

கம்ப்யூட்டரில் அதுவரை இருந்தது காசு கொடுத்து வாங்காத விண்டோஸ். சோதனை வருகிறது என்று யாரோ சொல்ல, தலைவர் பயந்துபோனார். கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த அவருடைய தங்கை மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். "எல்லாம் ரெடி" என்று மூன்று சிடிக்களை என் கையில் தந்துவிட்டு, மறுநாளே கம்பெனி வேலையாக வெளிநாடு போய்விட்டார். சிடிக்களை நான் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, இரும்பு அலமாரியின் இரண்டாம் தட்டில் வைத்துப் பூட்டினேன். அந்த அலுவலகத்தில் பதிவேட்டில் ஏறிய பொருள் எதுவும், ஒரு குண்டூசிப் பெட்டியானாலும், வழங்கல் பதிவேட்டில் கையெழுத்தில்லாமல் வெளியே வராது. அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான்தான்.

திங்கட்கிழமை காலை தட்டச்சர் ஒரு கடிதம் அடித்து அச்சிடப் போனார். பிரிண்டர் அசையவில்லை. இன்ன மென்பொருள் இல்லை என்று திரையில் ஒரு வரி வந்தது.

"சாறே, மத்த சிடி ரெண்டு உண்டல்லோ. அதில ஒண்ணு நோக்கிப் பாக்கலாமே?" என்றார்.

"ஏத்தி முடிச்சாச்சும்மா. ஏத்தின பிறகு சிடிக்கு என்ன வேலை? டிவி வந்த அட்டைப்பெட்டி மாதிரி அது. பத்திரமா இருந்தாப் போதும்."

உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். அதுவரை எனக்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மத்தியானம் தலைவர் படியேறி வந்தார். "என்னவே, மெஷின் செத்துப்போச்சாமே? மருமகன் எல்லாம் சரியாத்தானே வெச்சுக் கொடுத்தான்?"

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். புது மெஷினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"காலையில முதல்ல உக்காந்தது அந்தப் பொண்ணுதான். எதையாவது அமுக்கி அழிஞ்சுபோயிருக்கலாம்" என்றேன்.

"இல்லை" என்பதற்கும் "அழிஞ்சுபோச்சு" என்பதற்கும் வித்தியாசம் தெரியாதவனல்ல நான். திரையில் வந்த வரியைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். தட்டச்சர் பக்கத்து அறையில் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

பொதுக்குழுவுக்கான அறிவிப்பு இரண்டு வாரத்துக்குள் உறுப்பினர்களுக்குப் போயாக வேண்டும். அலுவலகத்துக்கு இன்டர்நெட் கேட்டேன். "மிளகாய் மூட்டைக்கு இன்டர்நெட் வேண்டாம், இதுக்கு மட்டும் என்னத்துக்கு?" என்றார் தலைவர். ஆகவே தினமும் பிளாப்பிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டு தம்பானூரிலுள்ள பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தால், அது தனக்கு முன்னால் வேறு இரண்டு வேண்டும் என்றது. அந்த இரண்டையும் கொண்டுவந்தால் அவை இன்னும் மூன்று கேட்டன. பெரிய கோப்பை நான்கு பிளாப்பிகளில் துண்டாக்கிக் கொண்டுவருவேன். மூன்றாவது பிளாப்பி படிக்காது.

"சாறு இன்னைக்கும் வந்தல்லோ!" என்பார் சென்டர்காரர். "இது கல்யாணம் விளிக்கிற போலெயாணு சாறே. ஒருத்தனை விளிச்சா அவன் அளியனும் வருவான், அளியனோட அளியனும் வருவான்."

அளியன் என்றால் மச்சான். சிரித்துக்கொண்டே குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். எட்டாம் நாள் முடிவில் பட்டியலில் பதினேழு பெயர்கள் சேர்ந்திருந்தன. எது எதைக் கேட்கிறது என்று அம்புக்குறி போட்டு, கிடைத்ததைப் பச்சை மையிலும் கிடைக்காததைச் சிவப்பு மையிலும் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தைப் பார்க்க எனக்குப் பெருமையாகவே இருந்தது.

ஒன்பதாம் நாள், பொதுக்குழுவுக்கு முன்னால் வழக்கமாகச் செய்யும் இருப்புச் சரிபார்ப்பு. தட்டச்சர் சாப்பிடப் போயிருந்தார். அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தேன். சிடி மூன்று. உறையிலிருந்து இரண்டாவதை எடுத்துப் பார்த்தேன். உள்ளே வைக்க ஏனோ மனம் வரவில்லை. கம்ப்யூட்டரில் போட்டேன்.

பதினேழும் அதில் இருந்தன. என் பட்டியலில் இருந்த அதே பெயர்கள், அகர வரிசையில், ஒன்றன்கீழ் ஒன்றாக. என் வரிசையைவிட நல்ல வரிசை.

பத்து நிமிடத்தில் எல்லாம் ஏறிவிட்டது. தட்டச்சர் படியேறி வரும்போது பிரிண்டர் முதல் தாளைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"வந்தோ சாறே!" சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைக்காமலே ஓடி வந்து தாளைப் பிடித்தார். "எப்பிடி?"

"கடைசி பிளாப்பி சரியா வந்துட்டு."

"சாறு விடலையே! நான் அண்ணைக்கே விட்டிருப்பேன்" என்று சிரித்தார்.

சிடி என் சட்டைப் பையில் இருந்தது.

பொதுக்குழுவில் தலைவர் என் உழைப்பைப் பாராட்டினார். வேலை நிரந்தரம் பற்றிய பேச்சு வந்தபோது, "பொண்ணு நல்ல பொண்ணுதான். மெஷின்ல கொஞ்சம் கவனம் வரட்டும். அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவன் நான். பேனாவை நிறுத்திவிட்டு ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். "கவனக்குறைவு" என்று எழுதலாமா, "பயிற்சிக் குறைவு" என்று எழுதலாமா என்று யோசித்தேன். இரண்டாவதை எழுதினேன். அவருக்கு நன்மை செய்ததாக அப்போது நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் அவருக்கு நெய்யாற்றின்கரையில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. கடைசி நாளில், நான் வகுத்த முறைப்படி, பதிவேடுகளை வைத்துக்கொண்டு பொறுப்பை ஒப்படைக்க உட்கார்ந்தோம். அவர் வாசிக்க வேண்டும், நான் சரி சொல்ல வேண்டும். வழங்கல் பதிவேட்டின் ஒரு பக்கத்தில் வந்ததும் அவர் குரல் நின்றது.

அங்கே என் கையெழுத்தில் இருந்தது: சிடி எண் இரண்டு. தேதி, நேரம். எடுத்தவர், நான். காரணம், பிரிண்டர் மென்பொருள் நிறுவ.

அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டு எழுதாமல் இருக்க என்னால் முடியாது. சிடியைப் பையில் போட்டுக்கொண்டு பொய் சொன்ன அதே நாள் மாலை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அதை எழுதியிருக்கிறேன்.

அவர் அந்த வரியின்மேல் விரலை வைத்தார். கீழே மண்டியில் யாரோ மூட்டை எண்ணும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்ப்பார், ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

"திரும்ப வெச்சதுக்கு ஒப்பு இட்டில்ல, சாறே" என்றார். குரலில் கோபம் இல்லை.

பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். கையெழுத்துப் போட்டேன். சிடியை எந்த நாள் திரும்ப வைத்தேன் என்று நினைவில்லாமல், தேதிக் கட்டத்தில் பேனா நின்றது. அவர் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

அவர் பக்கத்தைப் புரட்டினார்.

"ஸ்டேப்ளர் ரெண்டு."

"சரி" என்றேன்.