கொஞ்சம் ஒதுங்கு

எங்கள் வீட்டுக்காரர் ஜீவானந்தத்துக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகிறது. என்னோடுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் இடிந்துபோன கட்டடங்களுக்கு வாக்கப்பட்டவர். மற்ற ஆறு நாளும் குரோம்பேட்டையில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் லேப் அசிஸ்டென்ட். ஞாயிறு விடிந்தால் போதும், கேமராவைத் தோளில் மாட்டி, என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை, ஆலம்பரைக் கோட்டை, ஓடு சரிந்த பழைய வீடுகள், எதுவும் கிடைக்காவிட்டால் நன்மங்கலம் காட்டு ஆந்தை. ஊரில் அவளவள் புருஷனோடு மாலுக்குப் போகிறாள். நான் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பாழுங்கோட்டைக்குப் போகிறேன். என் தலையெழுத்து!

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவருக்கு ஒரு கொள்கை உண்டு, படத்தில் மனுஷ வாடையே இருக்கக்கூடாது. நான் சுவரோரம் நிழலுக்கு நின்றால் உடனே, "சுபா, கொஞ்சம் ஒதுங்கு" என்பார். ஒதுங்குவேன். "இன்னும் கொஞ்சம்." ஆலம்பரையில் ஒருதடவை ஒதுங்கி ஒதுங்கி முழங்கால் தண்ணீரில் போய் நின்றேன். மனுஷன் அதைக் கவனிக்கவே இல்லை.

இப்படிப்பட்டவர் பெருங்களத்தூரில் ஒரு வீட்டைக் கண்டுபிடித்தார். புது அபார்ட்மென்ட்டுகளுக்கு நடுவே காரை உதிர்ந்த சுவர், அதைப் பிளந்துகொண்டு ஒரு அரசமரம். வெளிச்சம் சரியில்லை, குறுக்கே ஆள் வந்துவிட்டது என்று மூன்று வருஷம் அதையே சுற்றிச் சுற்றி வந்தார். நல்லவேளை, அதற்கெல்லாம் தனியாகத்தான் போனார். கடைசியில் நினைத்தபடி ஒரு படம் கிடைத்தது. ஃபேஸ்புக்கில் போட்டார். மேலே ‘முப்பது வருஷமாக யாரும் வாழாத வீடு’ என்று தலைப்பு, கீழே தன் பெயரும் போன் நம்பரும்.

"முப்பது வருஷம்னு யாருங்க சொன்னா?" என்று கேட்டேன்.

"பார்த்தாலே தெரியுதே!"

நான்கு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். கையில் மீன்கூடை, இடுப்பில் ஒரு காகிதம்.

"ஜீவா போட்டோன்றது நீதானா சார்? போன்ல வெலாசம் சொன்னியே, அந்த அங்காளம்மா நான்தான். அந்தப் பெருங்களத்தூர் வூடு என்னுதுதான். கட்டிகினு வந்த நாள்லேர்ந்து அங்கதான் குந்திகினு கீறேன். யாரும் வாயாத வூடுன்னு எழுதிக்கீறியே, நான் இன்னா பேயா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காகிதத்தைப் படித்ததும் போய்விட்டது. அவருடைய கொழுந்தன் மகன் வெற்றிவேலுக்கு அந்த இடத்தை பில்டரிடம் கொடுக்க ஆசை. ஆளில்லாத ஆபத்தான கட்டடம், இடிக்க வேண்டும் என்று மனு போட்டிருக்கிறான். ஆதாரமாக என் வீட்டுக்காரர் எடுத்த படம், தலைப்போடு. குடியிருப்பதாக யாராவது சொன்னால் பதினைந்து நாளுக்குள் நிரூபிக்கச் சொல்லி மாநகராட்சி ஆபீசிலிருந்து நோட்டீஸ். அதில் ஒன்பது நாள் ஓடிவிட்டது.

"ரேஷன் கார்டு, கரென்ட் பில்லு இருக்குமேம்மா?" என்றேன்.

"கார்டு இன்னும் கோவளத்துல எங்க அம்மா வூட்டு வெலாசத்துல கீது. மாத்தணும் மாத்தணும்னு சொல்லிகினே இருந்துட்டேன். கரென்ட் பில்லு செத்துப்போன மாமனாரு பேர்ல வருது." அந்த அம்மா இவர் பக்கம் திரும்பினார். "நீதான சார் ஒதுங்குன்னே? புள்ள ஆசையா படம் புடிக்குதேன்னு கொடியில கெடந்த துணியெல்லாம் அள்ளிகினு கதவுக்குப் பின்னால போய் நின்னேன். அதுக்கு வூட்டையே காலி பண்றியே!"

இவர் அந்தக் காகிதத்தை வாங்கித் தன் படத்தையே உற்றுப் பார்த்தார். "மீன் வித்துட்டு நிழலுக்கு உக்காந்திருக்கீங்கன்னு நினைச்சேன்மா."

எனக்கு வந்ததே கோபம்! "மூணு வருஷமா ஒரே ஆளு ஒரே வாசல்ல உக்காந்திருந்தா அது நிழலா, வீடாங்க? சுவத்துல முளைச்ச செடி தெரியுது, நிக்கிற மனுஷி தெரியலையா?"

கத்தும்போதே ஒன்று உறைத்தது. குறுக்கே ஆள் வந்துவிட்டது என்று ஒதுக்கிய படங்கள் எங்கே?

"அழிச்சிட்டீங்களா?"

"இல்ல, இருக்கு. நீ போ, நானே எடுத்துத் தரேன்" என்று அவசரமாக கம்ப்யூட்டரை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

‘கெட்டுப்போனவை’ என்று ஒரு ஃபோல்டர். திறந்தால் வரிசையாக அங்காளம்மாள். வாசலில் மீன்கூடையோடு. பொங்கல் கோலத்துக்குப் பக்கத்தில், கதவில் கரும்பு சாத்தியிருக்க. மழையில், ஒழுகுகிற இடத்தில் பக்கெட்டை வைத்துக்கொண்டு. இருபத்துமூன்று படங்கள், ஒவ்வொன்றிலும் தேதி.

"ஐய, இந்தப் பொடவ கிழிஞ்சே ரெண்டு வருசமாவுதே!" என்று அந்த அம்மா திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

நான் இன்னும் கீழே தள்ளினேன். சதுரங்கப்பட்டினத்துச் சுவரோரம் செருப்பைக் கையில் பிடித்தபடி நான். நன்மங்கலத்தில் முள் குத்தியதற்குத் திட்டிக்கொண்டு நான். ஆலம்பரையில், முழங்கால் தண்ணீரில், டிபன் பாக்ஸைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நான். பன்னிரண்டு வருஷமும் அதில் இருந்தது.

"கெட்டுப்போச்சுன்னுதான் ஒதுக்கினேன். அழிக்கத்தான் கை வரல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு படத்தையாவது காட்டியிருக்கக்கூடாதா, பாவி மனுஷன்! மூக்கை உறிஞ்சிக்கொண்டே அங்காளம்மாளின் படங்களை பென் டிரைவில் ஏற்றினேன்.

திங்கட்கிழமை லீவு போட்டு அந்த அம்மாவோடு இவரும் ஆபீசுக்குப் போனார். முப்பது வருஷம் என்பது தானே விட்ட கதை என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஃபேஸ்புக்கிலும் அதையே எழுதினார். அதிகாரி கோலத்தையும் கரும்பையும் தேதியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பதிலை வாங்கிக்கொண்டார். நேரில் ஒருவர் வந்து பார்த்துப் போனார். அடுத்த வாரம் நோட்டீஸ் ரத்தானது. கார்டு மாற்றும் விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு இரண்டு பேரும் பெருங்களத்தூர் போனோம். இவர் கேமராவைத் தூக்கியதுதான் தாமதம், அங்காளம்மாள் பழக்கதோஷத்தில் கொடியில் கிடந்த துணியை அள்ளிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"அம்மா, ஒதுங்காதீங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் இவர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வாயிலிருந்தா இது! நான் வழக்கம்போல் பத்தடி தள்ளி, லாரி போகிற ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"சுபா, அங்க ஏன் நிக்கிற? நீயும் போய்ப் பக்கத்துல நில்லு."

அங்காளம்மாள் துணியை மறுபடி கொடியில் போட்டுவிட்டு, ஈரக் கையால் என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "அன்னிக்குப் போ போன்னே, இன்னிக்கு வா வான்றே. இன்னா ஆளு சார் நீ! சீக்கிரம் புடி, மீன் கெட்டுப்பூடும்."