பென்கா வீட்டுக் குழாய்ச் சத்தம்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இது எனக்கு நடந்தது. கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் நான் சரித்திர ஆராய்ச்சி செய்பவள். கம்யூனிச ஆட்சியின் கடைசி இருபது வருடங்கள்தான் எங்கள் குழுவின் வேலை. அரசாங்கக் காகிதங்களில் ஒரே வெற்றி முழக்கம். ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால், வீடு வீடாகப் போய்ப் பேச வைத்துப் பதிவு செய்ய வேண்டும். அதில் ரோசிட்சாவை மிஞ்ச ஆளில்லை. பென்கா என்ற கிழவி அவளுக்குக் கதை கதையாகக் கொட்டினாள். மாநாட்டில் கைதட்டல் முழுக்க ரோசிட்சாவுக்கே. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு டிசம்பர் மாலை, அவளுக்குத் தெரியாமல் பென்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஐந்து மணிக்கே கும்மிருட்டு. லிஃப்ட் ஓடவில்லை. ஆறு மாடி ஏறினேன். மணி அடிப்பதற்கு முன்பே கதவு திறந்தது.

"ரோசிட்சாவோட வேலை பாக்கறேன். பேசலாமாம்மா?"

"எங்கிட்டயா? இத்தனை வருஷத்துல யாருமே கேட்டதில்லையே. வா."

கிழவிக்கு மறதி என்று நினைத்துக்கொண்டேன். வீடு ஜில்லென்று இருந்தது. கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து கேசட்டை ஓடவிட்டேன்.

"எம்பத்தஞ்சுல, குளிர்காலம். முறை வெச்சுக் கரண்ட நிறுத்துவாங்க. அக்காக்காரி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா. தட்டினா. வீட்ல இருந்த தங்கச்சிக்குக் கேட்டுது..."

டக்... டக்...

சமையலறையிலிருந்து.

"யாரோ தட்டறாங்களேம்மா?"

"குழாய்ச் சத்தம். தங்கச்சியும் அக்கம்பக்கத்துல அதையேதான் சொன்னா. அக்கா புருஷன் மேல அவளுக்கு ஒரு கண்ணு."

டக்... டக்... டக்...

எழுந்து பார்த்திருக்கலாம். ஆனால் இந்தக் கதை ரோசிட்சாவிடம் இல்லை! நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டேன்.

"அப்புறம்?"

"ஆஸ்துமாக்காரி. எவ்வளவு நேரம் தட்டுவா? நின்னுபோச்சு."

சமையலறையிலும் நின்றது.

மணி ஆறு இருபது.

அவள் சிரித்தாள்.

மறுநாள் ரோசிட்சா ஃபோனில் அழுதாள். பென்கா சமையலறையில் செத்துக் கிடந்தாளாம். விரல் முட்டியெல்லாம் ரத்தம். சமையலறைக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாதாம்.

ஓடினேன். எங்கள் ஊர் வழக்கப்படி கட்டட வாசலில் இறப்பு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பென்காவின் படம். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

பக்கத்தில் இன்னொன்று, வருஷ நினைவுக்கு ஒட்டுவது. அதில் எனக்குக் கதவு திறந்தவள். இறந்த நாள், நேற்றைய தேதி... 1985.

"பென்காவோட அக்கா," என்றாள் ரோசிட்சா. "எப்படிச் செத்தாங்கன்னு கேட்டா மட்டும் பென்கா வாயே திறக்கமாட்டாங்க. உனக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்றேன்.

அது என்னுடைய பேட்டி.