முதல் பிடி அரிசி

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நண்பர்கள் கூடிப் பொங்கல் வைப்பதை வழக்கமாக்கியவள் நான். வீட்டுத் தலைவர்தான் பானையில் முதல் பிடி அரிசியை இட வேண்டும் என்ற முறை நமக்கு வேண்டாம், நம்முள் மூத்தவர், இளையவர் என்ற வரிசையே கூடாது என்று விதி வகுத்தவளும் நானே. ஆயினும் ஆண்டுதோறும் முதல் பிடியை இட்டது என் கைதான். அதைத் தற்செயல் என்றே நம்பியிருந்தேன்.

எங்களுள் ஒருத்தி மட்டும் பொங்கலன்று இருக்கமாட்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு இங்கே பிறந்தவள். ரயிலேறினால் மாலைக்குள் கெல்சென்கிர்ச்சனில் அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிடுவாள். திரும்பும்போது ஐஸ்கிரீம் டப்பா நிறைய அம்மாவின் பொங்கல் வரும். என் பொங்கலை மிச்சம் வைத்தவர்கள் அந்த டப்பாவை வழித்து உண்பார்கள். நானோ ஊரில் இருக்கும் என் அம்மாவைக் கைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இவ்வாண்டு அவள், "நான் வீட்ட போகேல்லை. இஞ்சதான் நிக்கிறன்" என்றாள்.

மதுரைக்கார நண்பன் மகிழ்ந்துபோனான். "அப்போ நீதான் இந்த வருஷம் சீஃப் குக். போன வருஷம் அக்கா பொங்கல்ல கரண்டி தனியா நின்னுச்சு."

"பால் தீர்ந்துபோச்சு, அதான்" என்றேன்.

"நான் கரண்டியக் குறை சொல்லலக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீடும் அம்மாவும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, எனக்கென்று இருந்த ஒரே பானைக்கும் இவள் ஏன் வர வேண்டும் என்று நினைத்தேன்.

பொங்கலன்று பால்கனிப் பனியை ஒதுக்கிவிட்டு, சிறிய கேஸ் அடுப்பில் பானையை ஏற்றினோம். பால் பொங்கியது. அக்கம்பக்கத்தாரை எண்ணி, "பொங்கலோ பொங்கல்" என்று அடங்கிய குரலில் கூவினோம்.

"அரிசிய அவ போடட்டும்" என்றான் நண்பன்.

கிண்ணம் என் கையில் இருந்தது. மறுத்தால் நான் வகுத்த விதியை நானே முறித்தவளாவேன், விருந்தும் கசந்துபோகும். நீட்டினேன். அவள் கதவு நிலைக்கு உள்ளேயே நின்றாள். காலையிலிருந்தே அவள் பால்கனியில் கால் வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நீங்கள் போடுங்கோ அக்கா. எனக்கு ஏலாது."

"ஏன், எங்க பானை உனக்கு ஆகாதா?"

அவள் என் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் சொன்னாள். "துடக்கு அக்கா, சாவுத் தீட்டு. பெரியப்பா ஊரில செத்துப்போனார். வீட்டில இந்த முறை பொங்கேல்லை. நீயாவது சிநேகிதரோட சாப்பிடு எண்டு அம்மா சொன்னவ."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்களும் பொங்காமல் விட்டிருப்பியள்."

விளைவுகளை எடைபோடுவது என் இயல்பு என்று எண்ணியிருந்தேன். அவள் எங்கள் எல்லோருக்குமாக எடைபோட்டுவிட்டு வந்திருந்தாள். முதல் பிடியை நானே இட்டேன். அது எனக்கு வந்து சேர்ந்த வழி பிடிக்கவில்லை.

கரண்டி இம்முறை நிற்கவில்லை. அவள் இரண்டு முறை வாங்கி உண்டாள். துடக்கு வீட்டில் பானை ஏற்றுவதில்லையே தவிர, பிறர் கொடுப்பதை உண்ணத் தடையில்லை. எனவே போன ஆண்டு அவள் கொண்டுவந்த ஐஸ்கிரீம் டப்பாவைக் கழுவி, பொங்கலால் நிரப்பினேன்.

"அம்மாவுக்குக் கொடு."

"நாளைக்குக் காலமை கொண்டுபோறன் அக்கா."

மூடியை அழுத்தியபோது அந்த வீட்டின் கதவை நினைத்துக்கொண்டேன். துக்க வீடுதான். ஆயினும் மணி அடித்தால் அம்மா வந்து திறப்பார். அதற்கும் எனக்குப் பொறாமையாகவே இருந்தது.