சைவ அத்தானுக்கு ஒரு வால்வு

பொங்கல் முடிந்த கையோடு கோவில்பட்டியிலிருந்து அக்கா போன் செய்தாள். "உங்க அத்தான் ஆபரேஷனே வேண்டாங்காவ. நீ வந்து எடுத்துச் சொல்லு."

ஓடினேன். அத்தான் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை முதலாளி. முட்டை போட்ட கேக் என்றாலே நாலடி தள்ளி நிற்கும் சைவம். இதயத்தில் ஒரு வால்வு பழுது. மாற்றாவிட்டால் ரொம்ப நாள் தாங்காது. உலோக வால்வு வைத்தால் ஆயுளுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அத்தானின் வயிற்றுப் புண்ணுக்கு அது ஆபத்து. மிருகத் திசுவில் செய்த வால்வுதான் நல்லது என்றிருக்கிறார் மதுரை டாக்டர்.

எந்த மிருகம்? பன்றி!

அவ்வளவுதான். "செத்தாலும் சைவமாச் சாவுதேன்" என்று அத்தான் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

பத்திரிகையில் அறிவியல் பத்தி எழுதுகிறவன் சும்மா இருப்பேனா? ஆரம்பித்தேன். "அத்தான், இப்போ மரபணுவை மாத்தி வளர்த்த பன்னியோட கிட்னியையே மனுசனுக்கு வச்சுப் பாக்குதாங்க. அதுலதான் சிக்கல். உயிருள்ள உறுப்பு... உடம்பு வெளியாளுன்னு அடிச்சு விரட்டப் பாக்கும். பன்னியோட கிருமி கூட வந்துருமோன்னு வேற பயம். ஒங்களுக்கு வைக்கது பதப்படுத்துன வால்வு. உடம்பு சண்டைக்குப் போகாது."

"உடம்பு போகாதுடே... சாமி?" என்றார்.

அதற்குப் பதில் அக்காவிடம் இருந்தது.

"தீக்குச்சியில மருந்து எதுல ஒட்டுது? மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுத்த வஜ்ரப் பசையிலதான? அதை உரசித்தான தினமும் பூஜை விளக்கு ஏத்துதீய! சாமி என்னைக்காவது கோவிச்சுதா? ஒங்க உயிரைக் காப்பாத்தும்போது மட்டும் கோவிச்சுக்கிடுமாக்கும்!"

அத்தான் தொழில் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பசையைக் காய்ச்சச் சொன்னவர் அவர்தான். ஒரு நாள்கூட அதை மாடாக நினைத்ததில்லை! மறுநாள் காலையில் அவரே கேட்டார்: "மதுரைக்கு எந்த ரயிலுடே தோது?"

விஞ்ஞானிகள் நாளைக்கு எத்தனை உறுப்பை வேண்டுமானாலும் தயார் செய்யட்டும். ஏற்றுக்கொள்ள வேண்டியது உடம்பு மட்டுமா? மனசும்தானே! அதற்கு ஊருக்கு ஊர் என் அக்கா மாதிரி ஒருத்தி வேண்டும். சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருக்கிறது – அவள் என் அக்கா!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போன வாரம் பார்க்கப் போனேன். அத்தான் மாடிப்படி ஏறுகிறார், மூச்சு வாங்கவில்லை. நலம் விசாரிக்க வந்த சொந்தக்காரர் மெதுவாகக் காதருகே குனிந்தார். "அண்ணாச்சி, உள்ள வச்சது... எதோடது?"

"பன்னியோடது!" தெருவுக்கே கேட்டது.

"அப்போ, இனிமே சைவம்னு எப்படிச் சொல்லுவீய?"

"ஏன் சொல்லக் கூடாது? அதைத் தின்னா வச்சிருக்கேன்? அது இப்போ எங்க வீட்டு ஆளுல்லா!"