அம்புஜம் போனது தவறே!

போன வாரம் மெட்ரோவில் என் பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பெண், போனைப் பார்த்துத் தோழிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ பழைய நாவலாம், மறுநாள் செமினாராம். "கதாநாயகி: துணிச்சல் உள்ளவள், அவசரபுத்தி. மையக்கருத்து: சுதந்திரம், குற்ற உணர்வு. அவ்ளோதான்டி, முடிஞ்சுது." ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையையும் இரண்டே வரியில் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனேயே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரயில் அப்போது டின் ஃபேக்டரி சந்திப்புக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

நீங்கள் பெங்களூருக்குப் புதுசென்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்போது மெட்ரோவில் சட்டென்று போய்விடுகிற வைட்ஃபீல்டுக்கு, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஆகும். மழை பெய்தால் ஆண்டவன் விட்ட வழி. மெட்ரோவில் ஒரு வாசனையும் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? எங்கள் பஸ்ஸில் டீசல், மல்லிப்பூ, யாருடைய டப்பாவிலிருந்தோ எலுமிச்சைச் சாதம், எல்லாவற்றுக்கும் மேலாக டிரைவர் அந்தோணி அண்ணன் குழந்தை ஏசு படத்துக்கு முன்னால் கொளுத்தி வைக்கிற ரோஜா ஊதுபத்தி. இன்றைக்கும் ரோஜா ஊதுபத்தி வாசனை வந்தால் எனக்கு மேடையில் ஏறி நிற்பது போலிருக்கும், தொண்டையைச் செருமிக்கொள்வேன்.

ஏனென்றால் அந்த பஸ்ஸில் நாங்கள் பட்டிமன்றம் நடத்தினோம். ஆரம்பித்து வைத்தவர் சேகர், நெட்வொர்க் பிரிவில் இருந்த வேலூர்க்காரர். அவென்யூ ரோடு நடைபாதையில் அவர் ஒரு பழைய நாவல் வாங்கியிருந்தார். அட்டை கிடையாது, முதல் சில பக்கங்கள் கிடையாது, கடைசிப் பக்கங்களும் கிடையாது. யார் எழுதியது, என்ன பெயர் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. எத்தனையோ கை மாறி, ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகளோடு வந்து சேர்ந்த புத்தகம். கதை இதுதான். அம்புஜத்தின் புருஷன் அடிக்க மாட்டான், திட்ட மாட்டான். வெளியே போகும்போது மட்டும் வாசல் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவான். உள்ளே அவளும் கண் தெரியாத மாமியாரும். ஒருநாள் பூட்ட மறந்து போய்விடுகிறான். உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருக்கிறது. அம்புஜம் வெளியே போய்விடுகிறாள். அதற்கப்புறம் பக்கங்கள் இல்லை.

நாங்கள் அதை விட்டோமா? மாமியார் பாத்திரத்துக்கு மட்டும் மூன்று நாள் ஆனது. அந்தச் சாவி எதன் குறியீடு என்று ஒரு வாரம் அடித்துக்கொண்டோம். சமூகம் என்றார் சேகர். பயம் என்றேன் நான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அந்தோணி அண்ணன் சொன்னார்: "சாவின்னா சாவிதான் சார். கதவப் பூட்டறதுக்கு."

எங்கள் பட்டிமன்றத்துக்குச் சில விதிகள் உண்டு. யார் எந்தக் கட்சி என்பது சீட்டுக் குலுக்கித்தான். பேசப்போகிறவர்தான் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். நடுவர் சேகர் தீர்ப்புச் சொல்லும்வரை யாரும் கட்சி மாறக்கூடாது. மாறினால் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் மசால் தோசை. இந்தக் கடைசி விதிதான் என்னைக் கெடுத்தது. விதிமேல் பழி போட்டால் மட்டும் நான் நல்லவளாகிவிடுவேனா என்ன!

தலைப்பு: அம்புஜம் வீட்டை விட்டுப் போனது சரியா, தவறா? எனக்குச் சீட்டில் 'தவறே' வந்தது. அந்தக் கட்டத்தைப் படித்துவிட்டு ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுதவள் நான். ஆனால் தர்மபுரிக் கல்லூரியில் பேச்சுப் போட்டிக் கோப்பைகளாக அடுக்கியவளும் நான்தானே. எந்தக் கட்சி கொடுத்தாலும் பொளந்து கட்டுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு.

மிச்சமிருந்த 'சரியே' சீட்டை எடுத்துப் பேச யாரும் வரவில்லை. அப்போது மூன்றாவது வரிசை ஜன்னலோரத்திலிருந்து, "நான் பேசறேன்" என்று ஒரு குரல் கேட்டது. கலைவாணி. எங்கள் டெஸ்டிங் டீம்தான். பஸ்ஸில் அதுவரை அவள் பேசியதெல்லாம் போனில் மட்டும்தான். அவள் புருஷன் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். "தொம்லூர் தாண்டிட்டேங்க." "இந்திரா நகர் சிக்னல்ங்க." "ஆமாங்க, பக்கத்துல பொண்ணுங்கதான்." நாங்கள் அவளைக் கிண்டல் செய்வோம். "இவ்ளோ அக்கறையா ஒரு மனுஷன் கெடைக்கறது லக்குடி" என்று சொன்னவள் வேறு யாருமில்லை, நானேதான். குறியீடு தேடுகிற மேதாவி!

கலை புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். வியாழக்கிழமை நான், வெள்ளிக்கிழமை அவள், வெள்ளி மாலை தீர்ப்பு என்று ஏற்பாடு.

அதற்கப்புறம் நடந்ததை ஒளித்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த வியாழக்கிழமை காலை, கலையின் பைக்குள் இருந்த அந்த நாவலுக்குள் கிருஷ்ணராஜபுரத்திலிருந்து ஜோலார்பேட்டைக்கு ஒரு டிக்கெட் இருந்தது. ஜோலார்பேட்டையில் அவள் அக்கா வீடு. டின் ஃபேக்டரியில் இறங்கினால் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம். அவள் வெள்ளிக்கிழமை பேசுவதற்காக அந்தப் புத்தகத்தை வாங்கவில்லை. இது எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

தொம்லூரில் ஆரம்பித்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் குலுங்குவதற்கு ஏற்ப நானும் குலுங்கிக்கொண்டு. கண் தெரியாத கிழவியைப் பட்டினி போட்டுவிட்டுப் போனவள் அம்புஜம் என்றேன். நடுவே கலையின் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. எடுக்கவில்லை. அவள் எடுக்காமல் விட்டு நான் பார்த்ததே இல்லை. அதைப் பற்றி யோசிக்காமல், என் பேச்சுக்கு இடைஞ்சல் என்று எரிச்சல்பட்டுக் குரலை உயர்த்தினேன். அவள் பை வழக்கத்தைவிடப் பருத்திருந்தது. இரண்டு கையாலும் அதை மடியில் அணைத்துப் பிடித்திருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்திரா நகர் தாண்டியதும் என் துருப்புச்சீட்டை இறக்கினேன். "போறதுக்கு என்னங்க தைரியம் வேணும்? ரெண்டு கால் இருந்தா போதும். இருக்கறதுக்குத்தான் தைரியம் வேணும்! அம்புஜத்துக்கு அந்தத் தைரியம் இல்ல!"

பஸ்ஸே கைதட்டியது. பின்சீட்டில் யாரோ விசில் அடித்தார்கள். நான் போய்க் கலையின் பக்கத்தில் உட்கார்ந்தேன், மூச்சு வாங்க. போன் அவள் மடியில் மறுபடி அதிர்ந்துகொண்டிருந்தது.

"சீட்டுல வந்ததுக்காகப் பேசினியா, நெஜமாவே அப்படித்தான் நெனக்கறியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மேடைப் பயம், நாளைக்குப் பேச வேண்டுமல்லவா என்று நினைத்தேன். முன்சீட்டிலிருந்து சேகர் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார். "தோசை, தோசை" என்றார்.

"நெஜமாத்தான்டி" என்றேன்.

அவள் தலையாட்டினாள்.

டின் ஃபேக்டரி வந்தது. எங்கள் பஸ் அங்கே நிற்பதே கிடையாது, அன்று நின்றது. அந்தோணி அண்ணன் கதவைத் திறந்துவிட்டார். யாரும் ஏறவில்லை. பின்னால் லாரியும் ஆட்டோவும் ஹாரன் அடித்துத் தள்ளின. போலீஸ்காரர் கையை ஆட்டிக்கொண்டு கன்னடத்தில் கத்தியபடி வந்தார். அண்ணன் அசையவில்லை. கண்ணாடியில் பார்த்தபடி, "மேடம், டின் ஃபேக்டரி" என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்த கலை எழுந்திருக்கப் போவதுபோல் ஒரு கணம் முன்னால் சாய்ந்தாள். வழிவிடக் காலை ஒதுக்கியதாக எனக்கு ஞாபகம். ஒதுக்கினேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"வேணாண்ணா. போங்க" என்றாள்.

கதவு மூடியது. கிருஷ்ணராஜபுரம் தொங்குபாலத்தில் பஸ் ஏறும்போது மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை எடுத்தாள். "டின் ஃபேக்டரி தாண்டிட்டேங்க... இல்லைங்க, சைலன்ட்ல இருந்துச்சு... சாரிங்க."

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. எதிர்க்கட்சி பேசாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று சேகர் ஒத்திவைத்தார். அன்று மாலை எல்லோரும் இறங்கிய பிறகு அந்தோணி அண்ணன் என்னை நிறுத்தி அந்த நாவலை நீட்டினார். சீட்டுக்கு அடியில் கிடந்ததாம். உள்ளே டிக்கெட்.

"புதன்கெழம சாயங்காலமே எங்கிட்ட சொல்லி வச்சாங்கம்மா. டின் ஃபேக்டரில ஒரு நிமிஷம் நிறுத்துங்க, அக்கா வீட்டுக்குப் போறேன், திரும்பி வர மாட்டேன்னு. அழுதுக்கினே சொன்னாங்க."

"நான் சும்மா பேசினதுண்ணா. சீட்டுல வந்துச்சு" என்றேன்.

"அதத்தான அவுங்க உன்னக் கேட்டாங்க?" என்றார். எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவருக்குக் காது அவ்வளவு கூர்மை. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊதுபத்திச் சாம்பலைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பத்து நாளில் கலை வேலையை விட்டுவிட்டாள் என்று மெயில் வந்தது. சொந்தக் காரணங்கள் என்று போட்டிருந்தது. அவள் நம்பர் உபயோகத்தில் இல்லை. வீட்டு விலாசத்தைத் தேடிப் போனால், காலி செய்துவிட்டார்கள் என்றார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்தோணி அண்ணன் அவளை ஊரின் மறுகோடியில், சந்தாபுராவில் ஒரு காய்கறிக் கடையில் பார்த்தாராம். பக்கத்தில் அவள் புருஷன். இவர் "மேடம்" என்று வாயெடுக்குமுன் அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாளாம். பாதியாக இளைத்திருந்தாள் என்றார். நான் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் சந்தாபுரா போய் அந்தக் கடை வாசலில் நின்றேன். தக்காளிதான் வாங்கி வந்தேன்.

அந்த பஸ் இப்போது இல்லை. வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது ஒப்பந்தத்தை நிறுத்தினார்கள், திரும்பத் தொடங்கவே இல்லை. சேகர் கனடா போய்விட்டார். அந்தோணி அண்ணன் போன வருஷம் காலமானார், விவேக் நகரில் அவர் வீட்டுக் கூடத்தில் அதே ரோஜா ஊதுபத்தி. டின் ஃபேக்டரியில் அவர் பஸ்ஸை நிறுத்திய இடத்தில் இப்போது மெட்ரோத் தூண் நிற்கிறது. நாவல் என் அலமாரியில் இருக்கிறது. டிக்கெட்டில் மை வெளுத்துவிட்டது, ஜோலார்பேட்டை மட்டும் இன்னும் தெரிகிறது.

நடுவர் தீர்ப்புச் சொல்லவே இல்லை. தீர்ப்பு வராதவரை கட்சி மாறக்கூடாது என்பது விதி, அதனால் இத்தனை வருஷமும் ஏட்டளவில் நான் அந்தக் கட்சிதான். இப்போது மாறுகிறேன். அம்புஜம் போனது சரி, கலை. கிளம்பத்தான் தைரியம் வேண்டும், உனக்கு அது இருந்தது. அதைக் கைதட்டலுக்காகப் பிடுங்கிக்கொண்டவள் நான். விதிப்படி எல்லோருக்கும் மசால் தோசை நான்தான் வாங்க வேண்டும். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு எந்த பஸ்ஸில் ஏறுவது?