சிவப்பு நூல் கட்டிய தேவதாரு எண்ணெய்

என் மூத்த பேரன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, முதல் வருஷமே வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கிப் போட்டான். பேத்தி நர்சிங் முடித்து வேலூரில் இருக்கிறாள். கடைக்குட்டி ப்ளஸ் டூ கணக்கில் நூற்றுக்கு நூறு. வீட்டுக்கு வெளியே இதையெல்லாம் முதலில் கேட்பவள், செங்கம் ரோட்டில் எண்ணெய்க் கடை வைத்திருந்த பத்மாவதிதான். கணக்கு மார்க்கை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. கோபமாக இருந்தேன். கோபம் ஆறுவதற்குள், போன செவ்வாய்க்கிழமை காலையில் பால்காரர் வந்து, எண்ணெய்க்கார அம்மா தவறிவிட்டார் என்று சொன்னார். வாங்கிய பாலை எங்கே வைத்தேன் என்று எனக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை.

இந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் எல்லோரும் அவளிடம் எண்ணெய் வாங்கியவர்கள். ஐந்தாவதோடு நின்றவள் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளின் கல்யாணப் பட்டில் பூச்சி அரித்தபோதுதான் முதன்முதலாக அவள் கடைக்குப் போனேன். தேவதாரு எண்ணெய் பாட்டிலின் மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். புதிதாகச் சீவிய பென்சில் வாசனை. அப்படியே சொன்னேன், ஐந்தாவதோடு நின்ற கதையையும் சேர்த்து. "பள்ளிக்கூடம் உங்கள விட்டாலும், நீங்க அத விடலையேக்கா" என்று சிரித்தாள். பஞ்சில் நாலு சொட்டு விட்டுப் பெட்டி மூலையில் வைக்கச் சொன்னாள். பட்டில் பட்டால் கறையாகிவிடுமாம். அதற்குப் பிறகு என் வீட்டுப் பட்டுகளைப் பூச்சி தொடவில்லை.

ஒருநாள் பக்கத்து ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், சந்தன எண்ணெயா என்று ஆசையாகக் கேட்டார். தலையை ஆட்டியிருந்தால் அங்கேயே வாங்கியிருப்பார். இல்லை, தேவதாரு என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "தேவதாருக்கு என்னக்கா கொறச்சல், சந்தனம்னு பொய்ப்பேரு வைக்கறதுக்கு?" என்றாள். வியாதி தீரும் என்றும் யாரிடமும் சொல்லமாட்டாள். தேய்த்தால் இதமாக இருக்கும், அவ்வளவுதான் என்பாள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுக்கவே மாட்டாள்.

தேவதாரு எண்ணெயை அப்படியே உடம்பில் தேய்க்கக் கூடாது. நல்லெண்ணெயில் சில சொட்டுகள் கலந்துதான் முட்டிக்குத் தேய்க்கக் கொடுப்பாள். கலந்த பாட்டிலுக்குச் சிவப்பு நூல், கலக்காததற்கு வெள்ளை நூல். ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துத்தான் நூல் கட்டுவாள். "கண்ணு ஏமாத்தும், மூக்கு ஏமாத்தாது" என்பாள். சமண நயினார் வீட்டுப் பெண், பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும். அந்த அவசரத்திலும் முகராமல் ஒரு பாட்டிலும் வெளியே போகாது.

அப்படிப்பட்டவள் கொடுத்த சிவப்பு நூல் பாட்டில், ரெண்டு மாசத்துக்கு முன் என் முட்டியைக் கொப்பளிக்க வைத்தது. வீட்டுக்கு வந்திருந்த பேத்தி மோந்து பார்த்து, இது கலக்காத எண்ணெய் என்றாள். பத்மாவதிக்குப் புத்தி தடுமாறுகிறது என்று தெரு முழுக்கச் சொன்னேன். கடைக்குப் போவதையும் நிறுத்தினேன்.

சாவு வீட்டில் அவள் மகன் சொன்னான். போன வருஷம் வந்த காய்ச்சலில் அம்மாவுக்கு வாசனையே தெரியாமல் போய்விட்டதாம். வெளியே சொன்னால் கடைக்கு யார் வருவார்கள் என்று மறைத்துவிட்டாளாம். வருகிறவர்களிடமே மூடியை நீட்டி, கேட்டுத் தெரிந்துகொள்வாளாம்.

ஒரு வருஷமாக என்னிடமும் அப்படித்தான் நீட்டினாள். என் மூக்குக்குக் கொடுக்கும் மரியாதை என்று வீட்டில் பெருமை பேசினேன். அந்தக் கடைசி பாட்டிலையும் நீட்டி, "கலந்ததுதானேக்கா?" என்று கேட்டாள். நான் பேத்திக்கு வேலை கிடைத்த கதையில் இருந்தேன். "ஆமா, ஆமா" என்றேன். அதற்கப்புறம்தான் சிவப்பு நூலைக் கட்டினாள்.

அன்று நான் முகர்ந்தேனா, பேச்சு வாக்கில் தலையாட்டினேனா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. என்னிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாமே என்று ஒரு நேரம் தோன்றுகிறது. என்னிடம் சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று நினைத்தாளோ என்று இன்னொரு நேரம். அவளை நான் மன்னிப்பதா, அவளிடம் நான் கேட்பதா, அதுவும் புரியவில்லை.

அந்தப் பாட்டில் என் பட்டுப்பெட்டியில் இருக்கிறது. வெள்ளை நூல் மாற்றிக் கட்டலாம்தான். அவள் கட்டிய முடிச்சை அவிழ்க்கக் கை வரவில்லை.

குழுவில் போட்டிருக்கும் படம் ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், அவள் மாதிரியே இல்லை. மூடியை நீட்டிக்கொண்டு நிற்கும் படம் உங்களில் யாரிடமாவது இருந்தால், இதற்குப் பதிலாக அதைப் போடுங்கள்.